தோற்கக்கூட ஒரு மெட்ச் வேணும்

ஒவ்வொரு வருசமும் முதலாம் தவணை தொடங்கினதும் பதுளை பஸ் ஸ்டேண்டில ஒரே பேச்சுத்தான். இந்த வருசம் எந்த ஸ்கூல் டீம் நல்லா இருக்கு, யாரு கெப்டன், போன வருசம் ஆடினவங்கள்ல எத்தனை பேர் உயர்தரம் முடிச்சுப் போயிட்டாங்க, பெரிய மெட்ச் எப்போ. ஊவா கல்லூரி, தர்மதூத, சரஸ்வதி என்று பேச்சு நீளும். டியூசன் விட்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில நானும் அந்தப் பேச்சில நின்றிருக்கேன். எங்க தோட்டத்து ஸ்கூல் பேர் அதில ஒருநாளும் வந்ததில்லை என்பது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது. நாங்க மோசமா ஆடினோம் என்றில்லை. நாங்க ஆடினதே வருசத்துக்கு ஒரு மெட்ச்.

அந்த ஒரு மெட்ச் வலயப் போட்டியில. தோத்தா வெளியே என்கிற முறை. ஊர்ல காசு சேர்த்து ஒரு வேன் பிடிச்சு, விடியுமுன்னே கிளம்பி, ஒண்ணுக்குப் பூச்சியம் என்று தோத்தோம். காலை பத்தரை மணிக்கு எங்க சீசன் முடிஞ்சுது. வேன் நாலு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் கிறவுண்ட் ஓரத்தில உட்கார்ந்து, மத்தவங்க ரெண்டாவது மெட்ச், மூணாவது மெட்ச் ஆடுறதைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அதனால இந்தக் கட்டுரை யாரு ஜெயிப்பாங்க என்பதைப் பற்றியது இல்லை. மெட்ச் அட்டவணை யாருக்குக் கிடைக்குது, அதை யாரு போடுறாங்க என்பதைப் பற்றியது. ஊவாவில இந்தக் கேள்விக்கு நூறு வருசத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

அட்டவணையைப் பார்த்து ஆருடம்

அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் ஆடும் ஃபுட்போல் பெரிய வியாபாரம். பெயர்தான் ஃபுட்போல், உண்மையில் றக்பியின் தங்கச்சி. ஒரு அணிக்கு வழக்கமான பருவத்தில் பொதுவாக 12 ஆட்டங்கள்தான். பருவம் தொடங்க முன்னமே பத்திரிகைகள் ஒவ்வொரு அணியின் அட்டவணையையும் அலசும். யாரோடு ஆடுறாங்க, எத்தனை ஆட்டம் சொந்த மைதானத்தில், கஷ்டமான ஆட்டங்கள் அடுத்தடுத்து வருதா, நடுவில் ஓய்வு வாரம் இருக்கா. பணக்கார அணிகள் சின்ன அணிகளுக்குக் காசு கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு அழைத்து, லேசாக ஒரு வெற்றியை எடுத்துக்கொள்வதும் உண்டு.

2017இல் மத்திய புளோரிடா பல்கலைக்கழக அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆடிய 13இலும் வெற்றி. ஆனாலும் சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணிகளின் சுற்றில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நீங்கள் ஜெயித்த அணிகள் பலமான அணிகள் இல்லை என்பதே முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது. பலமான அணிகளோடு ஆட அவர்களுக்கு அட்டவணையில் வாய்ப்பில்லை. வாய்ப்பில்லாததால் பலமும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரலை. எங்க மலைதான் ஞாபகம் வந்துது.

வேட்டையும் கிளப்பும்

ஊவாவில் வெள்ளைக்காரர்களுக்கு முதலில் ‘ஸ்போர்ட்’ என்றால் வேட்டை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளை நகரில் இன்றும் நிற்கும் புனித மார்க் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை அதைப் பார்த்திருப்போம்.

பிறகு காடு அழிந்து கோப்பி வந்தது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமானது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். துரைமார் எண்ணிக்கை கூடக்கூட அவர்களுக்குக் கிளப் தேவைப்பட்டது. கொழும்பில் 1879இலேயே றக்பி தொடங்கியிருந்தது. மலைநாட்டில் டிம்புள்ள, டிக்கோயா, கண்டி, ஊவா என்று பிரதேச வாரியாகத் துரைமாரின் அணிகள் உருவாகின. பதுளையில் அதுக்கான இடம் ஊவா ஜிம்கானா கிளப்.

ரயில் 1894இல் பண்டாரவளை வரை வந்து நின்றது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் 30 வருசம், 1924 வரை, எடுத்தது. ரயில் பாதை போடப்பட்டது தேயிலைப் பெட்டிக்காகத்தான். ஆனால் அதே பாதையில் அணிகளும் ஊர் விட்டு ஊர் போய் ஆட முடிந்தது. 1926இல் ஆளுநர் ஹியூ கிளிபர்டின் மனைவி கொடுத்த கிளிபர்ட் கிண்ணத்துக்காக மலைநாட்டு அணியும் தாழ்நில அணியும் மோதின. பின்னாளில் அது கழகங்களுக்கிடையிலான போட்டியாக மாறியது.

ஒரு அணிக்குப் பருவம் என்று ஒன்று இருக்க என்னென்ன வேணும் என்று இதில தெளிவாத் தெரியும். சமதரையான மைதானம், போய்வர வழி, சனிக்கிழமை ஓய்வு, எதிர்த்து ஆட ஆள். துரைமாருக்கு நாலும் இருந்தது. மலைநாட்டில மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பாம மைதானம் கிடைக்காது. அந்த மண்வெட்டி யார் கையில இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெளியூர் ஆட்டத்துக்கு முதல் தடை

இதே காலத்தில் லயத்துப் பக்கம் பாருங்க. 1921 வரைக்கும் ‘துண்டு’ முறை இருந்தது. கடன் தீர்ந்தது என்று தோட்டத்தில் துண்டு தராவிட்டால் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. துண்டு போன பிறகும் தோட்டம் தனியார் சொத்துத்தான். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாகி, தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் வளர்ந்த காலத்தில் சங்கக்காரர்கள் உள்ளே நுழைவதே ஒரு போராட்டமாக இருந்தது.

பக்கத்துத் தோட்டத்து டீம் நம்ம தோட்டத்துக்கு வந்து ஆடணும் என்றால் அதுக்கும் துரையின் அனுமதி வேணும். ‘ஹோம் மெட்ச்’, ‘அவே மெட்ச்’ என்று இன்றைக்கு லேசாச் சொல்றோம். நம்ம பாட்டன் காலத்தில அந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு எல்லையும் ஒரு காவல்காரனும் இருந்தாங்க.

இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனம் தொடங்கியதும் அதே 1939இல்தான். ஒன்பது வருசம் கழித்து, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்து மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. நாடே இல்லாதவனுக்குத் தேசிய அணி எங்கே? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் கணக்குப் போட்டது. அந்த ஆண்டுகளில் பதுளை, பண்டாரவளை ஸ்டேசன்களில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போன குடும்பங்களோடு லயத்து டீம்களும் பாதிப் பாதியாகப் போயின. பந்து இங்கே, கோல்கீப்பர் அங்கே. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 ஆக வேண்டியிருந்தது.

பாடசாலை வந்தது, பருவம் வரலை

பாடசாலை றக்பியை இலங்கையில் தொடங்கியது கண்டி கிங்ஸ்வூட் கல்லூரி, 1891இல். பாடசாலைகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் டிரினிட்டிக்கும் இடையில் நடந்தது. ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட பிறகும் எதிர்த்து ஆட இன்னொரு பாடசாலை கிடைக்க 15 வருசம் ஆகியிருக்கு. கிங்ஸ்வூட்டுக்கே எதிராளி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் தோட்டப் பாடசாலையை நினைத்துப் பாருங்க.

ஊவாவுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், கல்கிசை சென் தோமஸ் கல்லூரி வெலிமடைக்குப் பக்கத்தில் குருத்தலாவையில் ஒரு கிளை தொடங்கியது. நிலத்தை லெஸ்லி டி சேரம் நன்கொடையாகக் கொடுத்தார். கொழும்பில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்த விளையாட்டுப் பாரம்பரியம் அப்படியே மலைக்கு ஏறி வந்தது. மூன்று வருசம் கழித்து, 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதுக்கு வெளியே நின்றன. ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பிறகே, 1970களின் பிற்பகுதியிலிருந்து, அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஐந்தாம் வகுப்போடு முடிகிற பாடசாலையில் 15 வயசுக்கு உட்பட்டோர் அணி எப்படி இருக்கும்?

இன்னொரு விசயத்தை யாரும் பெரிசாப் பேசுறதில்லை. அது மழை. பாடசாலைக் கிரிக்கெட் பருவம் செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கி மார்ச் மாதப் பெரிய மெட்சுகளோடு முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் நல்ல வெயில். ஆனால் ஊவாவுக்கு மழை கொட்டுவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. கொழும்புப் பிள்ளை நல்ல தரையில் ஆடுகிற ஜனவரியில் பசறைப் பிள்ளை சேற்றில் நிற்கும். எங்களுக்குத் தரை காய்வது ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட காற்று வீசும்போது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தருவதும் இதே காற்றுத்தான். தேயிலையின் பருவத்தை ஊவாவின் காற்றைப் பார்த்துக் கணித்தார்கள். பிள்ளைகளின் பருவத்தைக் கொழும்பின் வெயிலைப் பார்த்து எழுதினார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் தங்கியது கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில். எங்க பக்கத்தில மழைக்காலம் என்றால் மெட்ச் ரத்து என்பதோடு முடியிற விசயம் இல்லை. ஸ்கூலே முகாமாயிடும்.

18க்கு 9

அப்படியென்றால் தோட்டத்தில் விளையாட்டே இல்லையா? நிறைய இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எந்த டிவிசனுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க, வொலிபோல் நெட் கட்டியிருக்கும். கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக 1991இல் அறிவிக்கப்பட்டது; ஆனா லயத்துக்கு அது பிடிச்சுப்போன காரணம் வேறு. கோர்ட்டின் அளவு 18 மீற்றருக்கு 9 மீற்றர். கோயில் முன்வாசலிலோ இஸ்டோருக்குப் பின்னாலோ அடங்கும். 105க்கு 68 மீற்றர் உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஏக்கர் சமதரை வேணும். மலைத் தோட்டத்தில் அவ்வளவு சமதரை இருந்தால் முதலில் அங்கே தேயிலை நிற்கும்.

பெரியவர்களின் டீமுக்கு இன்னொரு கணக்கு. சனிக்கிழமை மெட்சுக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. நாள் சம்பளம் 1,000 ரூபாயாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த இடத்தில் 11 பேர் ஒரு நாள் பேரை விடுவது சின்ன விசயமில்லை. அதனாலதான் நம்ம டோர்னமென்ட் எல்லாம் தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழாவை ஒட்டியே வரும். கொழும்பு வேறொரு உலகம். ரயிலில் ஏறத்தாழ 290 கிலோமீற்றர், பத்து மணி நேரப் பயணம். இரவு ரயிலில் போய், தூங்காம ஆடி, ‘தோட்டத்துப் பசங்களுக்கு ஸ்டெமினா இல்லை’ என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தவங்களை எனக்குத் தெரியும்.

வரப்போற சீசனுக்கு ஒரு கணக்கு

இனிமே பஸ் ஸ்டேண்டில யாராவது ‘இந்த வருசம் எந்த டீம் நல்லா இருக்கு’ என்று கேட்டா, பதிலுக்கு நாலு கேள்வி கேளுங்க. அந்த டீமுக்கு இந்த வருசம் எத்தனை மெட்ச்? அதில சொந்த கிறவுண்டில எத்தனை? போய்வரச் செலவு யாருடையது? மெட்ச் வாற மாசத்தில அவங்க மலையில மழையா வெயிலா? இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சா யாரு முன்னுக்கு வருவாங்க என்று பாதிக்கு மேல சொல்லிடலாம். திறமையைப் பற்றிப் பேசுறது அதுக்குப் பிறகு.

இதில நம்மால முடிஞ்சதும் ஒண்ணு இருக்கு. ஒரே பஸ் ரூட்டில இருக்கிற ஐந்து பாடசாலைகளை எடுத்துக்கங்க. பசறை–லுணுகலை ரோடோ, அப்புத்தளை–பண்டாரவளை ரோடோ, எதுவானாலும் சரி. தோத்தா வெளியே என்று நடத்தினா மொத்தம் நாலு மெட்ச். முதல் சுற்றிலேயே தோற்கிற டீமுக்கு ஒண்ணுதான். எல்லாரும் எல்லாரோடும் ஆடினா மொத்தம் பத்து மெட்ச், ஒவ்வொரு டீமுக்கும் நாலு. சனிக்கிழமைக்கு ரெண்டு மெட்ச் வீதம் ஐந்து சனிக்கிழமையில முடிஞ்சிடும். ஜூலையில வச்சா மழையும் தொல்லை பண்ணாது. வேன் வேண்டாம், பஸ் காசு போதும். ரெண்டு பந்து, ஒரு விசில், பேசி முடிவெடுக்க ஐந்து அதிபர்மார். பழைய மாணவர்கள் நாங்க இருக்கோம்.

இதுக்குக் கிண்ணம்கூடத் தேவையில்லை. நாலு மெட்ச் ஆடுற பிள்ளை முதல் மெட்சில செஞ்ச பிழையை ரெண்டாவதில திருத்தும், மூணாவதில மறக்கும், நாலாவதில ஒரு கோல் போடும். எங்களுக்கு அன்றைக்குப் பத்தரை மணிக்கு முடிஞ்சுபோச்சு. திருத்திக்க ரெண்டாவது மெட்ச் இருக்கலை.