எலும்போடு ஒன்றிய பல்



"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் பெரியவர்கள். உண்மையில் போவது சொல் மட்டும் அன்று. பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தாழ்ந்துவிடுகிறது. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக் காப்பாற்றுவதில்லை. பல் போன முதியவர்களின் கன்னம் ஒட்டி, முகவாய் மூக்கை நோக்கி எழுவது இதனால்தான். இந்த இழப்பை ஈடுசெய்ய மனிதன் என்னென்ன செய்து பார்த்தான் என்பதை இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் உள்ள காத்தோங்கிலிருந்து தொடங்கலாம். சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில் இருக்கும் வட்டாரம் என்றால் பலருக்கு விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தென்னந்தோட்டங்கள் இருந்தன. பின்னர் பெரனாக்கான் சீனர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வீட்டில் வெற்றிலைத் தட்டுக்கு இருந்த மரியாதை நம் வீட்டில் இருந்ததற்குக் குறைந்தது அன்று. காத்தோங் பாட்டியும் தோட்டத்து லயத்துப் பாட்டியும் மென்றது ஒரே வெற்றிலை, ஒரே பாக்கு, ஒரே சுண்ணாம்பு. ஈறு கெட்டுப் பல் ஆடிய விதமும் ஒன்றுதான்.

விழுந்த பல்லுக்கு என்ன வழி? இங்கேதான் நம்முடைய பால்மரம் கதைக்குள் வருகிறது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். 1850களில் கெட்டி ரப்பரில் பல்செட்டின் தட்டைச் செய்யத் தொடங்கினார்கள். அதுவரை தந்தத்திலும் தங்கத்திலும் செய்த தட்டுகள் சாதாரண மக்களுக்கு எட்டாதவை. 1877-இல் சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888-இல் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1930களின் இறுதியில் அக்ரிலிக் வரும்வரை ரப்பர்த் தட்டுகளே பெருவழக்கு. அவற்றில் நம் முன்னோர் விடியற்காலையில் வெட்டிய பாலும் சேர்ந்திருக்கும். வெட்டியவர் வாயில் அந்தத் தட்டு ஏறியதா என்பது வேறு கேள்வி.

பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அந்நாளில் மிகக் குறைவு. சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவக் கல்வி தொடங்கியதே 1929-இல்தான். அதன் பிறகும் நெடுங்காலம், படிக்காமல் கைத்தொழிலாகப் பல் கட்டியவர்களிடமே ஏழை மக்கள் போனார்கள்.

பல்செட்டு ஆடும், எலும்பு தேயத் தேய மேலும் தளரும். அதனால் அசையாத பல் வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. 2500 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் எட்ரஸ்கர்கள் பொய்ப் பல்லைத் தங்கப் பட்டையால் பக்கத்துப் பற்களோடு பிணைத்தார்கள். இன்றும் இரு பக்கத்துப் பற்களையும் சீவி, அவற்றின்மேல் பாலம்போலப் பல் கட்டும் முறை இருக்கிறது. பக்கத்துப் பல்லும் இல்லாதவர் என்ன செய்வது? எலும்பையே பிடிக்க வேண்டும். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931-இல் கிடைத்த ஒரு பழைய தாடையில், பல் வடிவில் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் பதிந்திருந்தன. காலம் ஏறத்தாழ கி.பி. 600. ஆனால் இருபதாம் நூற்றாண்டில்கூட, தாடையில் உலோகம் பதித்துப் பார்த்தவர்கள் பலருக்கும் அது சீழ் வைத்தோ ஆடியோ கழன்றது.

வழி கிடைத்தது பல்லைத் தேடாத ஒருவரிடம். சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பதித்த டைட்டானியக் குழலை மறுபடி எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் விலங்குகளில் சோதித்த பிறகே, 1965-இல் கோதன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறையுள்ள யோஸ்தா லார்சன் என்பவருக்குப் பதித்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேர்கள் உழைத்தன.

ஒருவருக்குப் பலித்தால் அது சான்று ஆகுமா? ஆகாது. சக மருத்துவர்கள் நம்பவில்லை. நம்பாதது சரியே என்பது என் கருத்து. பிரோனமார்க் குழுவினர் 371 நோயாளிகளின் 410 தாடைகளில் பதித்த 2768 வேர்களின் கணக்கை 1981-இல் வெளியிட்டார்கள். தேறியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. வந்த வரிசைப்படி எல்லாரையும் எழுதினார்கள். ஐந்து முதல் ஒன்பது ஆண்டுவரை கவனித்த 130 தாடைகளில், மேல்தாடையில் நூற்றுக்கு 81 வேர்களும் கீழ்த்தாடையில் 91 வேர்களும் உறுதியாக நின்றன. அவற்றின்மேல் கட்டிய நிலையான பல்வரிசைகளோ மேலே நூற்றுக்கு 89. கீழே நூற்றுக்கு நூறு. வேர் சில போயும் பல்வரிசை எப்படி நின்றது? லயத்தில் ஒரு தூண் பழுதானாலும் மற்றத் தூண்கள் கூரையைத் தாங்குவது போலத்தான். கனடாவின் டொரான்டோவில் ஜார்ஜ் ஸார்ப் என்ற பேராசிரியர் தம் நோயாளிகளிடம் தனியே செய்து பார்த்தார். 1982-இல் அங்கே கூடிய மாநாட்டிற்குப் பிறகே உலகம் ஏற்றது.

வேரைப் பதித்தவுடன் அவர்கள் பல்லை மாட்டவில்லை. கீழ்த்தாடையில் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருந்தார்கள். காத்தோங்கின் கடற்கரையில் 1966 முதல் மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்தார்கள். இன்று அங்கே மரீன் பரேட் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கொட்டிய மண் இறுகுமுன் பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? தாடைக்கும் அதே நியாயம். இப்போது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய வேர்களால் காத்திருக்கும் காலம் பலருக்குக் குறைந்திருக்கிறது.

டைட்டானியம் ஏதோ அயல்நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டாம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கறுமணலில் அதன் தாது கிடைக்கிறது. காற்றுப் பட்டவுடன் அந்த உலோகத்தின்மேல் மெல்லிய படலம் ஒன்று மூடிக்கொள்கிறது. உடம்பின் நீரில் அது துருப்பிடிக்காததும், எலும்பு அதை அந்நியமாகத் தள்ளாததும் அந்தப் படலத்தால்தான்.

இந்த வைத்தியத்திற்குச் செலவு இன்றும் அதிகம். புகைபிடிப்பவர்க்கும் கட்டுப்படாத நீரிழிவுக்காரர்க்கும் வேர் நிலைப்பது கடினம். உலோக வேருக்குச் சொத்தை வராது. ஆனால் துலக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும். தோட்டத்திலோ, பல் வலித்தால் பிடுங்கிவிடுவதே நெடுங்காலப் பழக்கம். பிடுங்குமுன், வேரைக் காப்பாற்ற முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கெட்ட சதையை எடுத்து, வேரின் உட்குழாயை அடைக்கும் பொருள்கூட நம் பக்கத்துக் காட்டில் பிறந்ததுதான். 'கெத்தா பெர்ச்சா' என்ற அந்த மரப்பாலை 1843-இல் லண்டனுக்கு அனுப்பிவைத்தவர் சிங்கப்பூரில் பணிபுரிந்த மருத்துவர் மாண்ட்கமரி. இன்றும் பல் மருத்துவர்கள் அதைத்தான் வைத்து அடைக்கிறார்கள்.