காலடியில் ஒரு மண்டபம்

பழைய ரேக் ரிவெர்ப் நல்லதா, இன்றைய பெடல் நல்லதா என்று கிதார் வாசிக்கும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் பேச்சு முடிந்திருக்காது. "ரேக்ல இருக்கிற ஆழம் பெடல்ல வராதுப்பா" என்பார் ஒருவர். "கண்ணை மூடிட்டுக் கேளு, எது எதுன்னு சொல்லு பார்ப்போம்" என்பார் மற்றவர். எனக்கு இருவர் மீதும் பாதி நம்பிக்கைதான். இந்தக் கருவிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க வேறொரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒரு பாட்டு எவ்வளவு பெரிய இடத்தில் ஒலிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது? வாசிப்பவரா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரா?

ஆரம்பத்தில் சந்தேகமே இல்லை, அந்தப் பக்கம் இருப்பவர்தான். 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஹார்மோனிகாட்ஸ் குழுவின் மவுத் ஆர்கன் இசையைப் பதிவு செய்தார். வாசித்ததைக் குளியலறைக்குள் ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, சுவரில் பட்டுத் திரும்பும் முழக்கத்தை மைக்கில் பிடித்துப் பதிவோடு கலந்தார். இசைத்தட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1957இல், ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் அறைக்குப் பதிலாக ஒரு தகட்டைக் கொண்டுவந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதிரவிடுவார்கள். பெட்டியோடு எடை சுமார் 270 கிலோ. இதை எந்தக் கிதார்க்காரர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்?

அவருக்குக் கிடைத்தது ஸ்பிரிங். ஹாமண்ட் ஆர்கனுக்காக உருவான அந்தச் சுருள்கம்பியை ஃபெண்டர் 1961இல் தனிப் பெட்டியாக விற்றது, 1963இல் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே வைத்தது. ஆம்ப்பை ஓர் உதை விட்டால் உள்ளே இடி இடிக்கும். எந்த மண்டபமும் அப்படி ஒலிக்காது. ஆனால் குமிழ் வாசிப்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கணக்குப் போட்டே முழக்கத்தை உண்டாக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அதை ஒரு பெட்டிக்குள் வைத்து விற்கத்தான் பதினைந்து வருஷம் ஆயிற்று. 1976இல் பாரி பிளெஸ்ஸர் வடிவமைத்த இஎம்டி 250 வந்தது. பார்க்க அறையைச் சூடாக்கும் ஹீட்டர் மாதிரி இருக்கும், மேலே நெம்புகோல்கள், விலை சுமார் 20,000 டாலர். 1978இல் லெக்ஸிகன் 224. இதை உருவாக்கிய டேவிட் கிரீசிங்கர் இயற்பியல் படித்தவர். பெட்டி ரேக்கில் கிடக்கும், அதை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் ஒலிப்பதிவாளரின் மேஜையில் இருக்கும். அதிகாரம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்று எல்லாரும் உருகும் அந்த 'ஆழம்' இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அதில் பாதி வறுமை. நினைவகச் சில்லுகள் பொன் விலை விற்ற காலம் அது. 224 ஒலியை வினாடிக்குச் சுமார் 20,000 முறைதான் அளந்தது. அப்படியானால் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் திரும்பி வராது. நிஜமான பெரிய கூடத்திலும் காற்று உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் தின்கிறது! குறை, இயற்கையைப் போல ஒலித்துவிட்டது. மற்ற பாதி கிரீசிங்கரின் கைவண்ணம்: உள்ளே ஓடும் தாமதங்களை அவர் அசையாமல் நிற்கவிடவில்லை, லேசாக அலையவிட்டார். தகர டப்பாவைத் தட்டியது போன்ற இரைச்சல் அதனால் அடங்கியது.

பெடலின் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் கீத் பார். 1970களில் எம்எக்ஸ்ஆர் பெடல்களைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அலெஸிஸைத் தொடங்கி, 1986இல் மிடிவெர்ப்பை 400 டாலருக்கும் குறைவாக விற்றார். 63 முழக்கங்கள், எதையும் மாற்ற முடியாது, இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிற கறார் பெட்டி. இருந்தாலும் படுக்கையறையில் பதிவு செய்பவருக்கு முதன்முதலாக ஒரு மண்டபம் கிடைத்தது. அடுத்த வருஷம் பாஸ் நிறுவனம் ஆர்வி-2 என்ற பெடலை வெளியிட்டது. கையடக்க டிஜிட்டல் ரிவெர்ப் பெடல்களில் அதுதான் முன்னோடி. பேட்டரியை அது குடித்த வேகத்தில் அடாப்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

2000களில் பார் மறுபடி வந்தார், எஃப்வி-1 என்ற ஒரே ஒரு சில்லோடு. கைக்கடிகாரத்தில் இருக்கிற அதே 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தை வைத்து அதை ஓட்டலாம். நினைவகமும் 32,768 மாதிரிகள், அதாவது ஒரே ஒரு வினாடி. ஒவ்வொரு மாதிரிக்கும் 128 கட்டளைகள். மூன்று குமிழ்களுக்கு இடம். இந்த ஒரு வினாடியைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுத்தான் சின்னச் சின்னப் பட்டறைகள் எத்தனையோ ரிவெர்ப் பெடல்களைச் செய்தன. பார் 2010இல் இறந்தார். சில்லு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேக்கையும் பெடலையும் நிஜமாகவே பிரிப்பது அவை நிற்கும் இடம். ரேக் எதிர்பார்ப்பது மிக்சரிலிருந்து வரும் வலுவான சமிக்ஞையை. கிதாரை நேரே செருகினால் ஒலி சோனியாகிவிடும். அது கடைசியில், எல்லாம் வாசித்து முடிந்த பிறகு சேர்வது. பெடலோ ஆம்ப்புக்கு முன்னால் உட்கார்கிறது. ஆம்ப் உறுமத் தொடங்கினால் முழக்கமும் சேர்ந்து கிழிகிறது, குழைகிறது. வாசிப்பவர் அதைக் கேட்டபடியே விரலை நிறுத்துகிறார், காத்திருக்கிறார். அந்த இடைவெளி அவருடையது. மை பிளடி வாலண்டைனின் கெவின் ஷீல்ட்ஸ் யமஹா எஸ்பிஎக்ஸ்90 என்ற ரேக்கின் தலைகீழ் முழக்கத்தை இப்படித்தான் கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் வைத்து வாசித்தார். ரேக்கைப் பெடலாகப் பாவித்தவர் என்றே அவரைச் சொல்வேன்.

புட்னம் தொடங்கிய யுனிவர்சல் ஆடியோவை அவருடைய மகன்கள் 1999இல் மீட்டெடுத்தார்கள். 2021இல் அது கோல்டன் ரிவெர்பரேட்டர் என்ற பெடலை வெளியிட்டது. ஃபெண்டர் ஸ்பிரிங், இஎம்டி தகடு, லெக்ஸிகன் 224 மூன்றும் அதற்குள் இருக்கின்றன. அப்பாவின் குளியலறை மட்டும் இல்லை.

அசல் 224களோ மூப்படைகின்றன. கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும், பழைய சில்லுகளுக்கு மாற்று கிடைப்பது அரிது, ஒரு பெட்டியைப் பிழைக்கவைக்க இன்னொன்றைப் பிரித்து மேய வேண்டியிருக்கிறது. ஓடும் நிலையில் ஒன்று எங்கேயாவது இருந்தால் போய்க் கேட்டுவிடுங்கள். வாங்குவதென்றால், என்னைக் கேட்டால், பெடலே போதும்.