மதுரங்குளியில் ஒரு சீஸ் சட்டி: எல்லோரும் கைநனைக்கக்கூடிய ஃபொண்டூ

பெரியம்மாவின் மகள் பேர்ணில் இருந்து வந்தபோது, பயணப்பெட்டியில் சொக்லேட்டுகளுக்கு நடுவே வெள்ளிநிறப் பொதிகள் இரண்டு இருந்தன.

"இதுதான் ஃபொண்டூ. சீஸை உருக்கி, பாணைத் தோய்ச்சுச் சாப்பிடுறது. சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிடுவம்" என்றார் அக்கா.

அந்த 'எல்லார்' பட்டியலில் முதல் ஆள் எங்கள் பக்கத்து வீட்டு உம்மா. அக்காவும் அவரும் மன்னாரில் ஒரே ஒழுங்கையில் இருந்தவர்கள். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்க, அக்காவின் குடும்பம் வள்ளமேறி இராமேஸ்வரம் போனது. அங்கிருந்து அக்கா சுவிஸ் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். உம்மா மதுரங்குளிக்கு வந்தது அப்படித்தான். இருவரும் அதன்பிறகு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை.

பொதியின் பின்புறத்தில் இருந்த ஜெர்மன் எழுத்துகளை அக்கா வாசித்தார்: சீஸ், வெள்ளை வைன், மாப்பொருள், கிர்ஷ். கிர்ஷ் என்பது செர்ரிப் பழத்தில் வடிக்கும் சாராயம்.

"அப்ப உம்மாவுக்கு வேற சட்டி வைப்பம்" என்றார்.

வேறு சட்டி வைத்தால் உம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் பேசாமல் எழும்பிப் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. ஆகவே பொதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரே சட்டியில் எல்லோருக்கும் பொருந்த இதைச் செய்வது எப்படி என்று தேடத் தொடங்கினேன். அதில் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது?

ஃபொண்டூ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'உருகியது' என்று பொருள். வைனில் சீஸை உருக்கும் குறிப்பு 1699ஆம் ஆண்டின் சூரிச் சமையல் கையெழுத்து நூலொன்றிலேயே உண்டு. ஆனால் அது சுவிஸ் நாட்டின் தேசிய உணவானது மிகப் பிந்தி. 1914இல் தொடங்கி 1999இல் கலைக்கப்பட்ட சுவிஸ் சீஸ் ஒன்றியம், தேங்கிக் கிடந்த சீஸை விற்பதற்காக 1930களில் இருந்து இதைப் பெருமெடுப்பில் விளம்பரப்படுத்தியது. 'தொன்றுதொட்டு' என்று நாம் நினைக்கும் பல வழக்கங்களைப் போலவே இதற்கும் ஒரு வணிகக் கதை உண்டு.

மிகவும் பேர்போனது 'பாதிக்குப் பாதி' வகை. குருயேர் சீஸ் ஒரு பங்கு, ஃப்ரிபூர் பகுதியின் வஷெரான் சீஸ் ஒரு பங்கு. ஆளுக்கு 200 கிராம் சீஸ், 200 கிராம் பாண் என்பது அவர்களின் கணக்கு. பனிக்காலத்தில் தடித்த மண்சட்டியைச் சிறு அடுப்பில் மேசை நடுவே வைத்து, சுற்றியிருந்து நீண்ட முள்ளுக்கரண்டியால் பாண்துண்டைத் தோய்த்து எடுப்பார்கள்.

1980களில் இருந்து சுவிஸ் போன எம்மவர்களில் பலர் உணவகச் சமையலறைகளில்தான் வேலையைத் தொடங்கினார்கள். எங்கள் அத்தானும் அப்படித்தான். ஃபொண்டூவை ருசி பார்ப்பதற்கு முன்பே, அது ஒட்டிக் காய்ந்த சட்டிகளை நூற்றுக்கணக்கில் சுரண்டியவர் அவர்.

வைன் இல்லாமல் முடியுமா?

முடியும். வைன் அங்கே சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. சீஸின் புரதங்களைக் கல்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. வைனில் உள்ள புளிப்பு அந்தக் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் சீஸ் திரளாமல் இளகுகிறது. தேசிப்புளி இந்த வேலையைச் செய்யும். கோர்ன்ஃபிளவர் மா கொழுப்பும் நீரும் பிரியாமல் காக்கும். சூடாக்கினால் மதுசாரம் முழுதும் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, ஒரு பகுதி எஞ்சும். தவிர்ப்பதென்றால் முழுதாகத் தவிர்க்கவேண்டும்.

இன்னொரு விடயம் பலர் கவனிக்காதது. குருயேர் போன்ற சீஸ்களில் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரெனட் என்ற நொதியம். சைவ உணவுக்காரருக்கும் ஹலால் பார்ப்பவருக்கும் இது முக்கியம். நுண்ணுயிர் நொதியத்தால் செய்த சீஸும் கடைகளில் உண்டு. ஆகவே வாங்கும்போது பொதியை வாசியுங்கள், ஹலால் முத்திரையையும் பாருங்கள்.

புத்தளம் நகரில் குருயேர் தேடி அலையத் தேவையில்லை. முற்றாத செடார் அல்லது கௌடா போதும். முற்றிய செடார் எண்ணெய் கக்கும். அதனுடன் வட்டப் பெட்டியில் வரும் முக்கோண சீஸைக் கொஞ்சம் சேர்த்தால் சட்டி குழம்பாது. அதில் உள்ள சித்திரேற்று போன்ற உப்புகள்தான் காரணம். அந்தப் பதப்படுத்திய சீஸும் சுவிஸ்காரர் கண்டுபிடித்ததே. 1911இல் துன் நகரில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் செய்தது அது.

செய்முறை (8 பேருக்கு)

• துருவிய செடார் அல்லது கௌடா – 600 கிராம்
• முக்கோண சீஸ் – 200 கிராம்
• தண்ணீர் – 350 மில்லிலீற்றர்
• தேசிப்புளி – 2 மேசைக்கரண்டி
• கோர்ன்ஃபிளவர் – 1½ மேசைக்கரண்டி
• உள்ளி – 2 பல்லு
• மிளகுத்தூள், துருவிய சாதிக்காய் – சிறிதளவு
• முதல்நாள் வாங்கிய றோஸ் பாண் – 3
• அவித்த உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு – 1 கிலோ

சீஸ் விற்கும் விலையில் இது சிறிய செலவல்ல. தேநீர் நேரச் சிற்றுண்டியாக மட்டும் வைப்பதென்றால் எல்லா அளவையும் பாதியாக்கலாம்.

1. துருவிய சீஸைக் கோர்ன்ஃபிளவருடன் பிரட்டி வையுங்கள்.

2. அடிதடித்த பாத்திரத்தின் உட்புறம் முழுதும் வெட்டிய உள்ளியைத் தேயுங்கள். தண்ணீரையும் தேசிப்புளியையும் ஊற்றி, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.

3. அடுப்பைத் தணித்து, சீஸை ஒவ்வொரு பிடியாகப் போட்டு, 8 எழுதுவதுபோல மரக்கரண்டியால் கிண்டுங்கள். ஒரு பிடி உருகியபின் அடுத்த பிடி. கடைசியில் முக்கோண சீஸ். கொதிக்கவிடக் கூடாது. சூடு மீறினால் புரதம் இறுகி எண்ணெய் மேலே மிதக்கும்.

4. மிளகும் சாதிக்காயும் தூவுங்கள். உப்பு வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது.

5. சுடுநீர் ஊற்றிச் சூடேற்றி வைத்த மண்சட்டிக்கு மாற்றி, மெல்லிய நெருப்பின்மேல் வையுங்கள். நாங்கள் சிரட்டைக்கரித் தணலில் வைத்தோம். கரிநெருப்பு மூடிய அறைக்குள் ஆபத்து. திறந்த விறாந்தையிலோ முற்றத்திலோ மட்டும் வையுங்கள், குழந்தைகள் மீதும் கண் இருக்கட்டும்.

சட்டி திரைந்தால் பதறவேண்டாம். ஒரு தேக்கரண்டி கோர்ன்ஃபிளவரைத் தேசிப்புளியில் கரைத்து ஊற்றி விரைவாகக் கிண்டினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இறுகினால் சுடுநீர் கொஞ்சம் விடுங்கள்.

பாணை ஒவ்வொரு துண்டிலும் கரை இருக்கும்படி வெட்டுங்கள். அப்போதுதான் குச்சியில் நிற்கும். முள்ளுக்கரண்டிக்குப் பதில் மூங்கில் குச்சி போதும். குச்சியில் இருப்பதைத் தட்டில் எடுத்துக் கையால் உண்டால் எச்சில் பற்றிய கூச்சமும் இல்லை.

குடிப்பதற்குச் சூடான பிளேன்ரீ. 2010இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த சூரிச் ஆய்வொன்று, ஃபொண்டூவுடன் வைன் குடித்தவர்களைவிடத் தேநீர் குடித்தவர்களின் இரைப்பை விரைவாக வெறுமையானதைக் கண்டது. இந்த விடயத்தில் எங்கள் வழக்கம் நல்ல வழக்கமே.

அந்தச் சனிக்கிழமை

மாலை ஆறரைக்குக் கடற்காற்று எழும்பியபின் விறாந்தையில் பாய் விரித்தோம். உம்மா முதலில் சீஸ் பொதிகளைக் கேட்டு வாங்கி, பேரனைக் கொண்டு வாசிக்கச் செய்தார். பிறகு சட்டியைப் பார்த்து, "இது எங்கட சஹன் மாதிரித்தானே புள்ள" என்றார். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து உண்ணும் சஹன் அவருக்குப் பழக்கமானது. ஒடியல் கூழ்ப் பானையைச் சுற்றியிருந்து வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல.

பாண்துண்டைச் சட்டிக்குள் தவறவிட்டவர் பாடவேண்டும் என்பது சுவிஸ் வழக்கம். பேரன் மூன்று தரம் பாடினான்.

இந்த உணவை அவசரமாக உண்ண முடியாது. ஒவ்வொரு துண்டாகத் தோய்த்து எடுக்க ஒரு மணித்தியாலம் ஆகும். முதல் அரை மணித்தியாலம் இருவரும் பாணையும் பிள்ளைகளையும் பற்றித்தான் பேசினார்கள். பிறகு உம்மா கேட்டார்:

"ஒழுங்கை முடக்கில அந்த வேம்பு நிக்குதா?"

யுத்தம் முடிந்தபின் ஒருமுறை போய்ப் பார்த்தவர் அக்கா. "வேம்பு நிக்குது உம்மா. உங்கட வீடுதான் இல்லை. எங்கடையும் இல்லை."

1990ஐப் பற்றி அதற்குமேல் அன்று யாரும் பேசவில்லை. ஆனால் யாரும் எழும்பவும் இல்லை.

சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு பொருக்குப் பிடித்திருக்கும். சுவிஸில் அதற்குத்தான் போட்டி அதிகம். உம்மா அதைக் 'காந்தல்' என்றார். அடுப்பை அணைத்து, தட்டகப்பையால் கெம்பினால் ஒரே தகடாக வரும். அக்கா அதைக் கெம்பி இரண்டாக உடைத்து, பெரிய பாதியை உம்மாவின் தட்டில் வைத்தார்.

வெறும் சட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். இது அத்தான் சொல்லித் தந்தது.