ஆறு நாளில் ஐந்து வெற்றி, எட்டு வருஷத்தில் ஒன்றுமில்லை

கொல்கத்தாவில் வேலை பார்ப்பவனால் 1911 என்ற வருஷத்திலிருந்து தப்பிக்க முடியாது. மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய வருஷம். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கிற தாதாவுக்கு (இங்கே அண்ணனைத்தான் அப்படிச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம்) கோல் விழுந்த விதமெல்லாம் மனப்பாடம். மைதானத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். இப்படி ஒரே ஒரு வெற்றியை நூறு வருஷத்துக்கு மேல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கப் போய், சுவானி என்ற ஊரில் வந்து நின்றேன்.

சுவானி அமெரிக்காவில், டென்னஸி மாநிலத்தில், கம்பர்லண்ட் மலைமேட்டில் இருக்கிற சின்ன ஊர். அங்கே எபிஸ்கோபல் திருச்சபை 1857ல் நிறுவிய ஒரு கல்லூரி. பெயர் என்னவோ 'யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத்' என்று பெரிதாக இருக்கும். ஆனால் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தால் நம் ஊர் அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்று இதை விடப் பெரிது. எல்லாரும் கூப்பிடுவது சுவானி என்றுதான்.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இது நாம் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிராளி பாய்ந்து மேலே விழுந்து அமுக்குகிற அமெரிக்க ஃபுட்பால். அந்த ஊரில் காலேஜ் ஃபுட்பால் என்பது பொழுதுபோக்கு, வியாபாரம், குலப்பெருமை மூன்றும் சேர்ந்த சமாசாரம். படித்து முடித்து முப்பது வருஷம் ஆனவரும் சனிக்கிழமை மத்தியானம் தன் கல்லூரி தோற்றால் ராத்திரி சாப்பிட மாட்டார்.

இனி 1899க்கு வருவோம்.

அந்த வருஷம் சுவானி அணியின் மேனேஜர் லூக் லீ என்ற மாணவர். வயது 20. பக்கத்து நாஷ்வில்லில் இருந்த வான்டர்பில்ட் பல்கலைக்கழகம்தான் பரம வைரி, வசூலும் அந்த ஆட்டத்தில்தான். டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் தகராறு வந்து அந்த ஆட்டம் நடக்காமல் போயிற்று. கையில் காசு இல்லை. லீ ஒரு கணக்குப் போட்டார். அணியை ரயிலில் ஏற்றி ஒரே மூச்சில் ஐந்து ஊர்களில் ஆட வைத்தால் செலவு ஒரு தடவை, வசூல் ஐந்து தடவை. (வங்கிக்காரனாக இந்த இடத்தில் எழுந்து நின்று ஒரு வணக்கம்.) 21 பேர் ரயில் ஏறினார்கள். போகிற ஊரில் கண்ட தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று மலைச் சுனைத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பிக் கூடவே எடுத்துப் போனார்கள்.

நவம்பர் 9, ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகம்: 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம்: 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் துலேன்: 23-0. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, திருச்சபைக் கல்லூரி அல்லவா. திங்கள்கிழமை பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ. என்பார்கள்): 34-0. செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிசிசிப்பி: 12-0. ஆறு நாள், ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி. ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளி கூடக் கொடுக்கவில்லை. ரயில் பயணம் சுமார் 2,500 மைல். அந்தக் காலத்தில் ஒரே ஆட்கள்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். பந்தை முன்னால் வீசுவதற்குக் கூட விதியில் இடமில்லை; முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும். தலைக் கவசமெல்லாம் பேருக்குத்தான்.

அந்த சீசனில் மொத்தம் 12 ஆட்டம், 12 வெற்றி. போட்ட புள்ளிகள் 322, கொடுத்தது 10. அந்தப் பத்தும் ஆபர்ன் அணி ஒரே ஆட்டத்தில் எடுத்தது. அதையும் சுவானி 11-10 என்று ஜெயித்தது. ஆபர்னுக்கு அப்போது கோச் ஜான் ஹைஸ்மன். இன்றைக்கும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

லூக் லீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. பிற்பாடு நாஷ்வில்லில் பத்திரிகை ஆரம்பித்தார், 1911ல் செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்து 1919 ஜனவரியில், ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மானிய கைசரைப் பிடித்து வந்துவிடுவது என்று சில ராணுவ நண்பர்களோடு கார் போட்டுக்கொண்டு போனார், பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1930ல் வட கரோலைனாவின் ஆஷ்வில்லில் ஒரு வங்கி திவாலான வழக்கில் மாட்டி, தண்டனை பெற்று, 1934 முதல் 1936 வரை சிறையில் இருந்தார். 1937ல் மன்னிப்புக் கிடைத்தது. போன வணக்கத்தைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நிற்க. இப்படி ஒரு வருஷம் ஒரு சின்னக் கல்லூரிக்கு வாய்த்தால் அதற்கப்புறம் என்ன ஆகும்? நான் எழுத நினைத்தது அதைத்தான்.

இருபதுகளில் தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெருத்துக்கொண்டே போயின. வான்டர்பில்ட் 1922லும், எல்.எஸ்.யூ. 1924லும், அலபாமாவும் ஜார்ஜியாவும் 1929லும் புது ஸ்டேடியம் திறந்தன. வான்டர்பில்ட்டை விட்டால் மற்றதெல்லாம் மாநில அரசின் பின்பலம் உள்ளவை. எல்.எஸ்.யூ.வுக்கு ஹ்யூயி லாங் என்ற அரசியல்வாதியே தொண்டர் படைத் தலைவர் மாதிரி இருந்தார். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் தானே நடந்து போவார். சுவானி மலை மேலேயே, அதே அளவிலேயே இருந்தது.

1932 டிசம்பரில் 13 கல்லூரிகள் சேர்ந்து சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (சுருக்கமாக எஸ்.இ.சி.) என்ற அமைப்பை உண்டாக்கின. நம் ஊர் லீக் மாதிரி, உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆடுவது. அலபாமா, டென்னஸி, ஜார்ஜியா, எல்.எஸ்.யூ. என்ற அந்தப் பட்டியலில் சுவானியின் பெயரும் இருந்தது. இன்றைக்குப் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு சுவானியின் பழைய மாணவர்களில் யாருக்காவது சிரிப்பு வந்திருக்குமா? இவர்களில் பலரை நாம் துவைத்து எடுத்திருக்கிறோமே, பட்டியலில் நாம் இல்லாமலா என்றுதான் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம். 33 வருஷத்துக்கு முன்னால் வாங்கிய சொத்தை வாங்கிய விலைக்கே புத்தகத்தில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தேய்மானம் என்று ஒரு பத்தி எழுத யாருக்கும் கை வரவில்லை.

எழுதியவர்கள் மாணவர்கள், மைதானத்தில். 1933 முதல் 1940 வரை எட்டு சீசன், கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 37. தோல்வி 37. சமநிலை கூட ஒன்று கிடையாது. அதில் 26 ஆட்டத்தில் ஒரு புள்ளி கூட எடுக்க முடியவில்லை. எதிராளிகள் எடுத்தது 1,163, சுவானி எடுத்தது 84. சராசரி போட்டால் ஆட்டத்துக்கு 31-2 வருகிறது. இதற்கு நடுவே 1935ல் எஸ்.இ.சி. விளையாட்டுக்காகவே உதவித்தொகை கொடுக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதித்தது. அதுவரை மறைவாக நடந்தது பகிரங்கமாயிற்று. ஆள் பிடிக்கிற போட்டியில் பணம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள தூரம் இன்னும் கூடியது.

அந்த 37 ஆட்டங்களில் ஆடிய பையன்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1899ல் அவர்கள் பிறக்கவே இல்லை. காலரி நிறைய எதிராளியின் ஆட்கள் கத்த, 40-0, 50-0 என்று வாங்கிக்கொண்டு, ராத்திரி மலைக்குத் திரும்புவார்கள். அங்கே சுவரில் மாட்டியிருக்கிற பழைய குரூப் போட்டோவுக்குக் கீழே நடந்து போக வேண்டும். ஒரு தலைமுறையின் பெருமைக்கு அடுத்த தலைமுறை தவணை கட்டிய கதை இது.

அந்தப் பெருமைக்கும் விலை இருந்தது. 1899 அணியின் தூண்களில் ஒருவர் ஆர்மண்ட் சிம்கின்ஸ். பந்தை உதைப்பதில் மன்னன். ஆட்டத்தில் பட்ட காயங்களின் தொடர்ச்சியாக அவர் பிற்காலத்தில் இரண்டு கால்களையும் இழந்தார், 1921ல் இறந்தார். நினைவுக் கூட்டங்களில் ஸ்கோர்களைச் சொல்கிற அளவுக்கு இதைச் சொல்வார்களா என்று ஒரு சந்தேகம்.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் இதே ராகம் கேட்டிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம், ஹாக்கி ஊர். எங்கள் சீனியர்கள் எப்போதோ வாங்கிய ஒரு கோப்பையின் படம் மாதம் ஒரு தடவை வரும். கூடவே "இப்போ இருக்கிற பசங்களுக்கு அக்கறையே இல்லப்பா" என்று ஒரு புலம்பல். பசங்களுக்கு ஸ்டிக் வாங்க நிதி திரட்டலாமா என்று ஒருவர் கேட்டபோது குழுவில் இரண்டு நாள் சத்தமே இல்லை. அப்புறம் யாரோ காலை வணக்கம் படம் போட்டார்.

சுவானிக்கு 1938ல் அலெக்சாண்டர் கெர்ரி என்பவர் துணைவேந்தராக வந்தார். அவரே சுவானியில் படித்தவர். எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்: வெளியாள் ஒருவர் வந்து கடையைச் சாத்தவில்லை. ஆட்டம் மாணவர்களுக்காக இருக்க வேண்டும், காசு கொடுத்து ஆள் பிடித்து ஆடுவது கல்விக் கூடத்துக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. விளையாட்டு உதவித்தொகையை நிறுத்தினார். 1940 டிசம்பரில் சுவானி எஸ்.இ.சி.யை விட்டு வெளியே வந்தது.

அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 1939 டிசம்பரில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்னொரு முடிவு எடுத்திருந்தார்கள். சிகாகோ ஒரு காலத்தில் சாம்பியன். அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்ற மகா கோச் 40 வருஷம் கட்டி வளர்த்த அணி. 1939 சீசனில் மிச்சிகனிடம் 85-0, ஹார்வர்டிடம் 61-0, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0. தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே ஒழித்துவிட்டார். காலியான ஸ்டேடியத்தின் காலரிக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2ம் தேதி என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகத்தின் முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள். அதனால் சிகாகோ கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ கெர்ரி செய்ததுதான் கஷ்டமான காரியம் என்று படுகிறது. ஹட்சின்ஸ் கணக்கையே மூடினார். கெர்ரி கணக்கை வைத்துக்கொண்டு, வரவேண்டாத பாக்கியை மட்டும் தள்ளுபடி செய்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டாவதற்குத்தான் மேலிடத்தில் அதிகக் கேள்வி வரும்.

போர்க்காலத்தில் நின்ற ஆட்டம் 1946ல் மறுபடி ஆரம்பித்தது, உதவித்தொகை இல்லாமல், தன் அளவுள்ள கல்லூரிகளோடு. கெர்ரி 1948ல் காலமானார். 1957ல் ஷர்லி மேஜர்ஸ் கோச்சாக வந்து 1977 வரை இருந்தார். அவர் காலத்தில் 1958லும் 1963லும் சுவானி ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை, இரண்டு தடவையும் எட்டுக்கு எட்டு. 1899 அளவுக்கு இதை யாரும் பாடுவதில்லை. என் கணக்கில் இவை சொந்தக் காசில் கட்டிய வீடு.

1962ல் சுவானியும் இதே மாதிரிச் சின்னக் கல்லூரிகள் சிலவும் சேர்ந்து உதவித்தொகை இல்லாத கான்ஃபரன்ஸ் ஒன்றைத் தொடங்கின. அதில் கென்டக்கி மாநிலத்தின் சென்டர் கல்லூரியும் உண்டு. அவர்களுக்கும் ஒரு 1899 இருக்கிறது: 1921ல் ஹார்வர்டை 6-0 என்று ஜெயித்தார்கள். வேதியியல் சூத்திரம் மாதிரி சி6எச்0 என்று அங்கே ஒரு சுவரில் எழுதி இன்னமும் வைத்திருக்கிறார்கள். சுவரில் எழுதி வைத்துக்கொள்வதோடு சரி, அதை நம்பி எஸ்.இ.சி.யில் போய்ச் சேரவில்லை. கெட்டிக்காரர்கள்.

கடைசியாக ஒரு வரவு செலவு. 1899ல் அந்த ஆறு நாளில் சுவானி தோற்கடித்த ஐந்தில் எல்.எஸ்.யூ.வும் மிசிசிப்பியும் முதலிலிருந்தே எஸ்.இ.சி.யில் உண்டு. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012லும், டெக்சஸ் 2024லும் வந்து சேர்ந்தன. துலேன் மட்டும் 1966ல் விலகிவிட்டது. இன்று எஸ்.இ.சி. தன் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு வருஷம் 5 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுக்கிறது. விலகாமல் இருந்திருந்தால் என்று சுவானிக்காரர்கள் யாராவது ராத்திரி படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள், மனிதர்கள்தானே. ஆனால் அந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பெரிய சொத்துகளில் ஒன்று நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் உயில் எழுதி வைத்தது. 1983ல் அவர் இறந்த பிறகு அவருடைய நாடகங்களின் ராயல்டி அங்கேதான் போகிறது. அவர் சுவானியில் படித்தவர் கூட இல்லை. தாத்தா அங்கே இறையியல் படித்தவர், அந்தப் பிரியம். உயிலில் ஃபுட்பாலைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.