கிரேக்க நாடாளுமன்றத் தேர்தல், 1936

கிரேக்க நாடாளுமன்றத் தேர்தல், 1936 என்பது கிரேக்க நாட்டில் 1936 சனவரி 26 ஆம் நாள் 300 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க நடைபெற்ற பொதுத் தேர்தல் ஆகும். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் நடந்த கடைசித் தேர்தல் இதுவே.

பின்னணி

முதலாம் உலகப் போர்க் காலம் தொட்டே கிரேக்க அரசியல் எலெப்தெரியோஸ் வெனிசெலோசின் ஆதரவாளர்கள், மன்னராட்சி ஆதரவாளர்கள் என இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. 1935 மார்ச்சில் வெனிசெலோஸ் ஆதரவுப் படை அதிகாரிகள் நடத்திய கிளர்ச்சி தோல்வியுற்றது. வெனிசெலோஸ் நாட்டை விட்டு வெளியேறினார். அவர் பக்கம் நின்ற அதிகாரிகள் பலர் பதவி நீக்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் ஜார்ஜியோஸ் கொண்டிலிஸ் குடியரசை ஒழித்தார். நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறக்குறைய 98 விழுக்காட்டினர் மன்னராட்சியை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. இவ்வெண்ணிக்கையை நம்புவது கடினம். நாடு திரும்பிய மன்னர் இரண்டாம் ஜார்ஜ், பேராசிரியர் கொன்ஸ்டான்டினோஸ் டெமெர்ட்சிஸ் தலைமையில் இடைக்கால அரசை அமைத்துத் தேர்தலுக்கு ஆணையிட்டார்.

முடிவுகள்

விகிதாசார முறையில் நடந்த இத்தேர்தலில் வெனிசெலோஸ் எதிர்ப்பு அணிகள் 143 இடங்களைப் பெற்றன. தெமிஸ்டோக்கிளிஸ் சோபூலிஸ் தலைமையிலான லிபரல் கட்சி 126 இடங்களை வென்றது. தோழமைக் கட்சிகளையும் சேர்த்தால் 140 ஐச் சற்றே தாண்டியது. ஆறு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளே பெற்ற பொதுவுடைமைக் கட்சிக்கு 15 இடங்கள். ஆட்சியை முடிவு செய்யும் வலிமை இந்தப் பதினைந்து பேரிடம் சென்று சேர்ந்தது.

இரு பெரும் அணிகளும் இணைந்து அரசமைக்க முயன்றன. பதவி நீக்கப்பட்ட அதிகாரிகளை மீண்டும் படையில் சேர்ப்பதா என்ற கேள்வியில் பேச்சு முறிந்தது. இதற்கிடையில் பிப்ரவரியில் சோபூலிஸ் பொதுவுடைமைக் கட்சியின் ஸ்கிளவைனாசுடன் மறைவாக உடன்பாடு செய்து, மார்ச்சில் அவர்கள் வாக்குகளுடன் அவைத்தலைவரானார். பொதுவுடைமையரை நம்பி அமையும் அரசைப் படைத்தலைமை ஏற்காது என மன்னரிடம் தெரிவிக்கப்பட்டது. ஏப்ரலில் உடன்பாடு வெளியானபோது பெரும் சலசலப்பு எழுந்தது.

விளைவுகள்

அந்த ஆண்டில் மூத்த தலைவர்கள் அடுத்தடுத்து மறைந்தனர்: கொண்டிலிஸ், மார்ச்சில் பாரிசில் வெனிசெலோஸ், ஏப்ரல் 13 இல் டெமெர்ட்சிஸ், மே மாதத்தில் மக்கள் கட்சித் தலைவர் பனாகிஸ் சால்டாரிஸ். டெமெர்ட்சிசுக்குப் பின் மன்னர் இயோனிஸ் மெட்டாக்சாசைப் பிரதமராக்கினார். இவரது கட்சி வென்றது ஏழு இடங்கள் மட்டுமே. ஆயினும் 241 உறுப்பினர்கள் அவருக்கு நம்பிக்கை வாக்களித்தனர். பின்னர் செப்டம்பர் இறுதி வரை அவையை ஒத்திவைக்கவும் இசைந்தனர். பொதுவுடைமையருடன் சேர்ந்து எதிர்த்து வாக்களித்த மிகச் சிலரில் ஜார்ஜியோஸ் பாப்பான்ட்ரேயும் ஒருவர்.

மே மாதம் தெசலோனிக்கியில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். ஆகத்து 5 ஆம் நாள் நடைபெறவிருந்த பொது வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி, அதற்கு முந்தைய நாளே மெட்டாக்சாஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்துச் சர்வாதிகாரத்தை நிறுவினார். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 1946 மார்ச்சில்தான் நடைபெற்றது. அதைப் பொதுவுடைமைக் கட்சி புறக்கணித்தது.