மாணவர் கைக்கு எட்டும் மேகக் கணினி: கட்டணத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

மும்பை: மென்பொருள் பயில விலையுயர்ந்த மடிக்கணினி இன்றியமையாதது என்ற நிலை மாறி வருகிறது. தாராவியின் ஓரறை வீட்டிலிருந்து மாட்டுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கோ, செம்பூரின் பொறியியல் கல்லூரிக்கோ செல்லும் மாணவர், பழைய கணினியைக் கொண்டே கனமான பணிகளை மேகக் கணினியில் இயக்க முடியும். அஞ்ச வேண்டியது மாத இறுதியில் வரும் கட்டணச் சீட்டுக்குத்தான்.

அமேசான் 2016 ஜூனிலும், கூகுள் 2017-லும் மும்பையில் தங்கள் மேகக் கணிமை மண்டலங்களைத் தொடங்கின. சேவையகம் அருகில் இருப்பதால், தட்டச்சு செய்த எழுத்து திரையில் தோன்றத் தாமதமாவதில்லை.

செலவைக் கட்டுப்படுத்த உதவுவது, உள்கட்டமைப்பையே நிரலாக எழுதும் முறை. எத்தகைய கணினி, எவ்வளவு சேமிப்பகம், யாருக்கு அனுமதி என்பவற்றை ஓர் உரைக்கோப்பில் எழுதினால், 'டெராஃபார்ம்' போன்ற கருவி அவற்றை அப்படியே உருவாக்கித் தரும். ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இக்கருவியின் உரிமம் 2023 ஆகஸ்டில் மாற்றப்பட்டது. அதையடுத்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 'ஓப்பன்டோஃபு' என்ற திறமூலக் கிளை உருவானது. தொடக்க நிலைப் பயனருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இம்முறையின் உண்மையான பயன் அழிப்பதில்தான் உள்ளது. கணினியை நிறுத்தி வைத்தாலும் அதன் வட்டுக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் அமேசான் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. 30 நாள்களுக்கு இது 3.60 டாலர். மாலையில் ஒரே கட்டளையால் அனைத்தையும் நீக்கி, மறுநாள் அதே கோப்பிலிருந்து மீண்டும் உருவாக்கினால் இச்செலவு மிச்சம். ஆனால் வட்டில் இருப்பவையும் சேர்ந்தே அழியும் என்பதால், நிரல்களை முன்னதாகவே கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும்.

செலவு வரம்பு எச்சரிக்கையை முழுமையாக நம்பிவிடலாகாது. அது மின்னஞ்சல் அனுப்பும்; தனியே ஏற்பாடு செய்யாவிடில் கணினியை நிறுத்தாது. கடன் அட்டை இல்லாதோர் 'கிட்ஹப் கோட்ஸ்பேசஸ்' சேவையை நாடலாம். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 உள்ளக மணிநேரம், அதாவது இரண்டு உள்ளகக் கணினியில் 60 மணி நேரம், இலவசம். கட்டண முறை பதிவு செய்யப்படாத நிலையில், அது தீர்ந்ததும் பயன்பாடு நின்றுவிடும்.

கருவி உருவாக்கும் நிலைக்கோப்பில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் இருக்கக்கூடும். அதையும் அணுகல் திறவுகோல்களையும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றக்கூடாது. கசிந்த திறவுகோலைக் கொண்டு பிறர் மெய்நிகர் நாணயம் அகழ்ந்தால், அதற்கான கட்டணமும் கணக்கு வைத்திருப்பவர் பெயரிலேயே பதிவாகும்.