ரோஸியின் முகமும் காமயகவுண்டன்பட்டித் தம்பியின் போட்டோவும்

காமயகவுண்டன்பட்டித் தம்பி ஒருவன் போன வாரம் போனில் கூப்பிட்டான். பகலில் திராட்சைத் தோட்ட வேலை, ராத்திரியில் வீதி நாடக ஒத்திகை. சினிமா ஆடிஷனுக்கு அனுப்ப முகப் படம் எடுக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டோகிராபரிடம் சொல்லி வைத்திருக்கிறான். "அக்கா, ஒரு வாரம் க்ரீம் போட்டா கொஞ்சம் வெளுப்பா விழுவேனா?" என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்குப் பவுடரை அப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தவள்தான் நானும். ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்கு இன்னும் வெளுக்க வைத்துத் தந்தார். தேர்வறையில் கண்காணிப்பாளர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, தோழர்களே. ஃபேர் அண்ட் லவ்லி இங்கே விற்பனைக்கு வந்தது 1975ல். பெயரிலிருந்த 'ஃபேர்' போக 2020 ஆனது. கலர் ஃபிலிமின் கதை அதற்கும் முந்தியது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் நிறம் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகம் இருட்டில் கரைந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தால், குறை முகத்தில் என்றே நம்பினார்கள். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல் இதை விரிவாக எழுதினார். ஃபிலிமைத் திருத்தக் கோடாக்கைத் தூண்டியதில் சாக்லேட் கம்பெனிகளுக்கும் மரச்சாமான் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டாம். பழுப்பு நிறங்கள் படத்தில் சரியாக விழவில்லை என்று அவர்கள் புகார் சொன்னார்கள். மனிதர்களின் முகத்துக்கு முன்னால் மேசைக்கு நீதி கிடைத்திருக்கிறது!

கருவியைத் திருத்தினால் மட்டும் போதுமா? கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே நடந்ததைப் பாருங்கள். மலையாளத்தின் முதல் சினிமா 'விகதகுமாரன்'. எடுத்தவர் நம் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி.டேனியல். நாயகி பி.கே.ரோஸி, புலையர் சமூகப் பெண், காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது 1928லா, 1930லா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அங்கே நடந்ததில் வாதமில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று ஆதிக்கச் சாதியினர் திரைமேல் கல்லெறிந்தார்கள். ரோஸியின் வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்து, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். அதன்பின் அவர் நடிக்கவே இல்லை.

படச்சுருள் அழிந்துவிட்டது. இணையத்தில் சுற்றும் படம் அவருடையதுதான் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. 2013ல் 'செல்லுலாய்டு' படத்தில் வேறொரு நடிகை ரோஸியாக நடித்தார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை ஓவியமாக வைத்தது. உலகமே பார்த்தது, ஆனால் பார்த்தது ஓவியரின் கற்பனை முகத்தை. இவர்தான் ரோஸி என்று கைநீட்டிக் காட்ட ஒரே ஒரு முகப் படம் இருந்திருந்தால் போதும்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். "சரிக்கா, அப்ப என்ன செய்யணும்?" என்றான். கேள்வி நியாயம்தான். வரலாற்றை வைத்துக்கொண்டு லைட் போட முடியாதே.

க்ரீம் வேண்டாம். முதல் நாள் நன்றாகத் தூங்கு. உன் நாடகத்துக்கு எப்படி முடி வைத்திருக்கிறாயோ அப்படியே போ. பளிச்சென்ற வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் திரையும் வேண்டாம். கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு உன் முகத்தை இருட்டாக்கும். பூப்போடாத, அடர்நிறச் சட்டை இரண்டு எடுத்துப்போ. ஒளியை முகத்தில் வைத்து அளக்கச் சொல். கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழட்டும், கன்னத்து மேடு தெரியும். ஸ்டுடியோவில் லைட் சரியில்லை என்றால் காலை வெயில் ஏறுமுன் தோட்டத்துப் பந்தல் ஓரமே போதும். நெற்றி வேர்வையைத் துடைக்கத் துண்டு ஒன்று. முக்கியமாக, எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை வெளுக்க வேண்டாம் என்று முதலிலேயே பேசிவிடு. ஆடிஷனில் கதவைத் திறந்து உள்ளே போகிறவன் படத்தில் இருக்கிற ஆளாகவே இருக்க வேண்டும்.

"பவுடர் கொஞ்சம்?" என்றான் கடைசியில். வேர்வைக்கு என்றால் சரி என்றேன்.